அம்மாவை இல்லத்தரசி ஆக்கிய புத்தகம்

எங்கள் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும். பூசை முடிந்து சாப்பிட வருகிறவர்கள் கையில் அது இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை. முகப்பில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, பிறகு வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். போன வருடம் அம்மா எங்களை விட்டுப் போனபோது வாழ்க்கை வரலாறு எழுதும் வேலை என் தலையில் வந்தது. வீட்டில் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, காலையில் இரண்டு மணித்தியாலம் எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எட்டு நாளில் எழுதி முடித்தேன். அழுது அழுது எழுதினேன் என்று சொன்னால் அது பொய். சந்தோஷமாகத்தான் எழுதினேன். அப்பாவின் வள்ளம் கரைக்கு வந்ததும் அம்மா விளைமீனையும் ஓராவையும் பனையோலைக் கடகத்தில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு புளியங்கூடல் வரைக்கும் நடப்பார். எந்த வீட்டில் கணவாய் கேட்பார்கள், எந்த வீட்டு மாமியார் செவுளைத் திறந்து பார்க்காமல் வாங்கமாட்டார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை அந்தச் சைவ வீடுகளில் மீன் காய்ச்சமாட்டார்கள். அன்றைக்கு மட்டும்தான் அவருடைய காலுக்கு ஓய்வு. அந்த நடையில்தான் நான் ஆசிரியை ஆனேன். அந்த நடையில்தான் அண்ணன் விமானம் ஏறிக் கனடா போனார். அப்படியே எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

புத்தகத்தைக் கணினியில் வடிவமைத்தவள் அண்ணனின் மகள். கடைசியில் ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் வருகிறதாம், அதற்கும் கேள்விகள் அனுப்பியிருந்தாள். உங்கள் பொழுதுபோக்கு என்ன? இலட்சியம் என்ன? குடும்பப் பாரம்பரியத்தில் நீங்கள் பெருமைப்படும் விடயம் என்ன? இந்த வயதில் என்னிடம் இலட்சியம் கேட்க ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்கு உள்ளூரப் புளுகம், சந்தோஷம். பொழுதுபோக்கு எழுத்து என்றும், இலட்சியம் அம்மாவின் கதையைப் பெரிய புத்தகமாக எழுதுவது என்றும், பெருமை அம்மா மீன் விற்று எங்களை வளர்த்தது என்றும் பதில் அனுப்பினேன்.

முப்பதாம் நாள் யாழ்ப்பாணத்து அச்சகத்திலிருந்து பெட்டி வந்தது. முகப்பைப் பார்த்ததுமே எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. முகம் அம்மாவுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண். பட்டுச்சேலை, அட்டியல், இரட்டை வடச் சங்கிலி. உள்ளே புரட்டினேன். ஒற்றை வள்ளம் வைத்திருந்த அப்பா ‘கடலுணவு ஏற்றுமதி வர்த்தகர்’. அம்மா ‘கணவனின் முயற்சிகளுக்கு உறுதுணையாக நின்ற சிறந்த இல்லத்தரசி’. கடகம் இல்லை, புளியங்கூடல் இல்லை, மீனின் செதில் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் என் பொழுதுபோக்கு வீட்டுத்தோட்டம். என் வளவில் ஒரு கத்தரிக்கன்றுகூடக் கிடையாது! இலட்சியம், ‘இறைபணி’. இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். வாழ்க்கை வரலாற்றின் அடியில் ‘ஆக்கம்: மகள்’ என்று போட்டிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர்கள் சொன்ன பொய்க்கு என் கையெழுத்து.

முப்பத்தோராம் நாளுக்காக அண்ணன் கனடாவிலிருந்து வந்து நின்றார். விறாந்தையில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் புத்தகத்தைப் போட்டேன்.

“அம்மா மீன் வித்தவ எண்டதை ஏன் வெட்டினனீங்கள்?”

“வெட்டேல்லை. கொஞ்சம் திருத்தினனான்.”

“இதுவோ திருத்தம்?”

“என்ர மகளுக்குக் கலியாணம் பேசிறம். மாப்பிள்ளை பகுதி புத்தகத்தைக் கட்டாயம் பாப்பினம். அங்கத்தைய நிலைமை உனக்கு விளங்காது.”

“ஊர் முழுக்கத் தெரிஞ்ச விசயம் அண்ணை.”

“தெரிஞ்சால் தெரியட்டும். எழுத்தில வரக்கூடாது.”

எழுத்தில் வரக்கூடாதாம். நான் கொதித்தேன். அந்த மீனைத் தின்று வளர்ந்த வாய் சொல்கிறது இதை. கடல் கடந்து, குளிரில் கிடந்து, இரண்டு வேலை செய்து, கடைசியில் அங்கேயும் போய் இவர்கள் பயப்படுவது அதே ஊர்ச் சனத்தின் விசாரிப்புக்குத்தான். பயப்படுவதென்றால் தன் பெயரைப் போட்டுப் பயந்திருக்கலாமே. பெட்டியைக் கிணற்றுக்குள் போடவேண்டும் போல இருந்தது. நாளைக்குச் சனம் வருமே என்று அடக்கிக்கொண்டேன். அந்த அடக்கத்துக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்தான்.

அடுத்த நாள் பூசை முடிந்து, வீடு நிறையச் சனம். அண்ணனே வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் புத்தகம் கொடுத்தார். புளியங்கூடலிலிருந்து ஒரு வயதான அம்மா பஸ் பிடித்துத் தனியே வந்திருந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை. சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகப்பிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆற அமர வாசித்தார். பிறகு எழுந்து அண்ணனிடம் வந்தார்.

“தம்பி, இது வேற ஆரின்ரயோ புத்தகம். மாறித் தந்திட்டீர். எங்களுக்கு மீன் கொண்டு வாறவவின்ர புத்தகம் ஒண்டு தாரும்.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனின் முகம் கறுத்தது. “இது அவதான் அம்மா. எங்கட அம்மாதான்” என்றார் மெதுவாக.

அவர் முகப்பை இன்னொருமுறை உற்றுப் பார்த்தார். “இல்லைத் தம்பி. எனக்கு மூத்தவன் பிறந்து கிடக்கேக்க, கேக்காமலே, பால் சுரக்கட்டும் எண்டு பால்சுறா கொண்டு வந்து குசினி வாசலில வைச்சிட்டுப் போன மனிசி அவ. எனக்கு அவவைத் தெரியாதோ?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும் பிள்ளை, மாறித்தானே வந்திருக்கு?”

“ஓம் அம்மா, மாறித்தான் வந்திட்டுது” என்றேன், அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. “அவவின்ர புத்தகம் இன்னும் வரேல்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறன்.”