வண்டி எடுக்காத நாட்கள்

அயனம்பாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது என்பது அடுத்த வீட்டுக்குக் குடிவந்து ஐந்து வருடம் ஆனவர்களுக்கே தெரியாது. கலியமூர்த்தி அதை அப்படி வைத்திருந்தார். தகரக் கொட்டகை. அதற்குள் வண்டி. வண்டிமேல் பருத்தித் துணி, துணிமேல் தார்ப்பாய். இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய துணிக்கூரை, ஃபைபர் உடம்பு. ஸ்டார்ம் என்று பெயர். இந்த நாட்டிலேயே கொஞ்ச காலம் செய்து நிறுத்திவிட்ட வண்டி. 2001 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, ஆவடியிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கினார். அப்போது அவர்கள் குடியிருந்தது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில்.

டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் அவருக்குத் தரச் சோதனைப் பிரிவில் வேலை. மேசைக்கு வரும் பாகத்தை அளந்து பார்த்து, சரி அல்லது தள்ளுபடி என்று சொல்ல வேண்டும். தள்ளினால் சீட்டு எழுத வேண்டும். தேதி, காரணம், கையெழுத்து. காரணம் எழுதாத சீட்டு செல்லாது.

வண்டிக்கும் அதே முறையில் ஒரு பச்சை அட்டைப் பதிவேடு போட்டார். முன்பக்கத்திலிருந்து, வண்டி எடுத்த நாட்கள்: தேதி, மீட்டர், போன இடம், உடன் வந்தவர். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து, வண்டி கேட்டும் எடுக்காத நாட்கள். கேட்டவர் யார், தள்ளியதற்குக் காரணம் என்ன. இருபத்துநான்கு வருடத்தில் பின்பக்கத்தில் நாற்பத்து மூன்று வரிகள் சேர்ந்திருந்தன. அவற்றை அவரைத் தவிர யாரும் படித்ததில்லை.

இப்போது இடது முழங்கால் மடங்க மறுக்கிறது. கிளட்சை முழுதாக மிதிக்க முடியவில்லை. எட்டு மாதமாக வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்துக்கொண்டிருந்தார். வருகிற மார்ச்சில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐயப்பன்தாங்கலில் ஏழு பழைய கார்கள் வைத்திருக்கும் ஹேமநாதன் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது முறை வரும்போது முடிவு சொல்வதாகக் கலியமூர்த்தி ஒப்புக்கொண்டிருந்தார்.

மனைவி கண்ணம்மாவிடம் கேட்டதற்கு, "உங்க வண்டி, உங்க இஷ்டம். எனக்கும் அதுக்கும் என்ன பேச்சுவார்த்தை?" என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு, காலை பத்து இருபதுக்கு ஹேமநாதன் வந்தார். கூடவே முகமது இஸ்மாயில். அறுபது வயது மெக்கானிக், வானகரத்தில் பட்டறை. தார்ப்பாயையும் துணியையும் விலக்கியதும் இஸ்மாயில் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து மீட்டரைப் பார்த்தார். 8,216.

"இன்னா அண்ணாத்தே, இருவத்திநாலு வருசத்துல எட்டாயிரம்தான் ஓடிக்கீதா? எங்க ஊட்டாண்ட பால்காரன் சைக்கிள் இத்த விட ஜாஸ்தி ஓடிக்கும். நீ இந்த வண்டிக்கு ஓனரா, வாட்ச்மேனா?"

"பாய், சும்மா இருங்க. அதுதான் இந்த வண்டியோட மதிப்பே" என்றார் ஹேமநாதன். "இவ்வளவு கம்மியா ஓடின ஸ்டார்ம் வேற எங்கயும் கிடைக்காது. சார், மீட்டர் நிஜம்னு காட்ட ஏதாவது ரெக்கார்டு இருக்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் கலியமூர்த்திக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. பச்சைப் பதிவேட்டைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினார்.

ஹேமநாதன் முன்பக்கத்தைப் புரட்டிப் புரட்டி வியந்தார். உடன் வந்தவர் என்ற இடத்தில் வரிக்கு வரி ஒரு கோடுதான். அண்ணனூர் வரை, கோடு. ஆவடி வரை, கோடு. முதல் வரியில் மட்டும் ஒரு பெயர்: 'குவார்ட்டர்ஸ் பிள்ளையார் கோயில், 1.8 கி.மீ., கண்ணம்மா.' சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய நாள் அது. பிறகு ஐந்தாறு இடத்தில் மகள் ஷர்மிளா. அவ்வளவுதான்.

புத்தகம் கை தவறித் திரும்பிக்கொண்டது. ஹேமநாதன் பின்பக்கத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"காணும் பொங்கல், 2004. கேட்டவர்: கண்ணம்மா. இடம்: பூண்டி அணை. காரணம்: கூட்டம், பானெட்டில் கை வைப்பார்கள்." சிரித்தார். "6-9-2009. கேட்டவர்: ஷர்மிளா. இடம்: பூந்தமல்லி கல்யாண மண்டபம், மணப்பெண்ணாக. காரணம்: வழியில் பள்ளங்கள் பதினான்கு. அவற்றில் இரண்டு, நான்கு அங்குலத்துக்கு மேல் ஆழம்... சார், அளந்தா பார்த்தீங்க?"

அளந்துதான் பார்த்திருந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பத்திரிகை கொடுக்க ஆள் இல்லாமல் வீடு தவித்துக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் அடிக்கோலுடன் போய் அளந்துவிட்டு வந்தார். ஷர்மிளா வாடகைக் காரில் போனாள். அதன் பிறகு இந்த வண்டியை அவள் ஒரு முறையும் கேட்டதில்லை.

காபித் தட்டுடன் கண்ணம்மா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். ஹேமநாதன் கவனிக்கவில்லை.

"19-11-2015. கேட்டவர்: கண்ணம்மா. கண் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்ப. காரணம்: மழை வரலாம். பின்குறிப்பு: மழை வரவில்லை."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணம்மா தட்டைப் பெஞ்சில் வைத்தார்.

"மழை வரலைன்னு புஸ்தகத்துல எழுதத் தெரிஞ்சிருக்கு" என்றார், கணவரைப் பார்க்காமல். "கண்ணுல கட்டோட ஷேர் ஆட்டோவுல இடிச்சுக்கிட்டு வந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை. எடுத்துக்குங்க தம்பி, காபி ஆறுது."

கலியமூர்த்தி காபியை எடுத்தார். குடிக்கவில்லை. பொய்யாக ஒரு எழுத்து இல்லாத பதிவேடு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தார். பொய் இல்லைதான். அதனால்தான் இப்போது ஒன்றையும் மறுக்க முடியவில்லை.

காபி முடிந்ததும் இஸ்மாயில் கையைத் துடைத்துக்கொண்டார். "நின்னுகினே உறுமினா ஒண்ணும் தெரியாது. ரோட்டுல ஒரு ரவுண்டு போனாத்தான் கியரு பேசும். வா அண்ணாத்தே, பக்கத்துல குந்து."

வண்டியின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து போவதுதான் வழக்கம். கலியமூர்த்தி கதவில் கை வைத்தார். அப்படியே நின்றார்.

"கண்ணம்மா, நீ போ."

"நானா? எழுபது வயசுக்கு நல்லாத்தான் இருக்கும். தெருவே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுதும்மா" என்றார் இஸ்மாயில். "டிக்கெட்டா வாங்கச் சொல்றோம்? குந்து. மேல இருக்கிற துணிய எறக்கிடவா?"

கலியமூர்த்தி வானத்தைப் பார்த்தார். தெற்கே மேகம் கறுத்திருந்தது. வாய் திறந்தார். பிறகு அவரே போய்க் கூரைத் துணியின் கொக்கிகளைக் கழற்றி மடக்கினார்.

இருக்கை தரையோடு தரையாக இருந்தது. கண்ணம்மாவின் முழங்காலும் ஒன்றும் புதிதல்ல. கலியமூர்த்தி ஒரு கையையும் ஹேமநாதன் ஒரு கையையும் பிடித்து இறக்கி உட்காரவைத்தார்கள். "ஐயோ, கிணத்துக்குள்ள போறாப்பல இருக்கே" என்றார் கண்ணம்மா. வண்டி தெருமுனை திரும்பும்போது சேலைத் தலைப்பை வாரிப் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

ஏரியை ஒட்டிப் போய்த் திரும்ப நாலரை கிலோமீட்டர். பன்னிரண்டு நிமிடம் போதும் என்று கலியமூர்த்தி கணக்குப் போட்டார். இருபது நிமிடம் ஆயிற்று. முதல் துளி அவர் கைக்கடிகாரத்தின்மேல் விழுந்தது. ஹேமநாதன் கொட்டகைக்குள் ஒதுங்கினார். கலியமூர்த்தி கேட்டருகிலேயே நின்றார். முப்பத்தொன்றாவது நிமிடத்தில் சத்தம் கேட்டது.

வண்டி நனைந்திருந்தது. இருக்கைகள் நனைந்திருந்தன. கண்ணம்மாவின் முடி அவிழ்ந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"திருவேற்காடு கோயில் வரைக்கும் போய்ட்டோம் அண்ணாத்தே. தூறல் போட்டுச்சு. துணிய இஸ்த்துப் போட்டுக்கலாம்னா அம்மா வாணாம்னுட்டாங்கோ. நான் இன்னா பண்ண?"

கண்ணம்மாவை இரண்டு பேர் தூக்கித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கலியமூர்த்தி மனைவியின் கையை விடாமல் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நாமளே வச்சுக்கலாமா?"

கண்ணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கோபம் ஏதும் இல்லை. அது இருந்திருந்தால் கலியமூர்த்திக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"யார் ஓட்டுறது? உங்களுக்குக் கால் வராது. எனக்கு ஏறி இறங்க ஊரைக் கூட்டணும். நான் கேட்டப்ப நம்ம ரெண்டு பேர் காலும் நல்லா இருந்துச்சு." பிறகு, "காத்து நல்லா வருதுங்க அதுல. குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலை துவட்ட உள்ளே போனார்.

ஹேமநாதன் காகிதங்களை எடுத்து வைத்தார்.

"தம்பி, நீங்க இதை ஓட்டுவீங்களா?"

"வருஷத்துல ஒரு ஷோவுக்குக் கொண்டுபோவேன் சார். அதுவும் லாரில ஏத்தித்தான். கவலையே வேணாம், உங்களைவிட நல்லா பார்த்துக்குவேன்."

"உங்க வீட்ல இதுல உட்காருவாங்களா?"

"அவங்களுக்கு இதிலெல்லாம் இஷ்டம் கிடையாது சார்."

"கேட்டீங்களா?"

ஹேமநாதன் புன்னகைத்தார். கலியமூர்த்திக்கு அந்தப் புன்னகை தெரியும். மேலும் எதையும் கேட்காமல், காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

வண்டியோடு பதிவேடும் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, முன்பக்கத்தில் கடைசி வரிக்கு அடுத்த வரியைத் தேடினார். வண்டிக்குள் குனிந்து மீட்டரைப் பார்த்தார். இருக்கையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேனாவைத் திறந்து நிதானமாக எழுதினார்:

'12-10-2025. மீட்டர் 8,216 முதல் 8,227 வரை. ஏரிக்கரை வழியாகத் திருவேற்காடு. ஓட்டியவர்: முகமது இஸ்மாயில். உடன் வந்தவர்: கண்ணம்மா. வழியில் மழை. கூரை போடவில்லை. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.'