எழுபது பெண்டும் நாலு டயரும்

ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வரமாட்டேன் என்று என் கணவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிளகு பறிக்க ஏறிய ஏணி சறுக்கி முழங்கால் எலும்பு உடைந்து, நாமக்கல்லில் ஆபரேஷன் முடிந்து, மலை அடிவாரத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் படுத்திருந்தார். காலை மடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீடோ கொல்லிமலைக்கு மேலே, தேவனூர் நாடு என்கிற பகுதியில். பஸ்ஸில் காலை நீட்ட இடமில்லை, சாதாரணக் காரிலும் முடியாது.

“ஆம்புலன்ஸ் ஊட்டு முன்னால நின்னா சனங்க என்னன்னு நெனைக்கும்? கதவு தெறக்கறதுக்குள்ள ஒப்பாரி வெச்சிருவாங்க. அப்பறம் நானே எந்திரிச்சு எல்லாத்துக்கும் சமாதானம் சொல்லோணும்,” என்றார்.

அதில் நியாயம் இருந்ததுதான் என் கோபத்துக்குக் காரணம். எங்கள் பக்கம் ஆம்புலன்ஸ் மலையை விட்டு இறங்கினால் உள்ளே இருப்பவர் நோயாளி. அதுவே மலை ஏறி வந்தால் உள்ளே இருப்பது என்னவென்று யாரும் கேட்பதில்லை.

அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். “மாப்பிள்ளைய என்ற வண்டில கொண்டு போலாம் அம்மிணி.”

அண்ணனின் வண்டி ஒரு பழைய அமெரிக்கக் கார். மூடிப்போன அரிசி ஆலை ஒன்றின் கொட்டகையில் தூசி பிடித்துக் கிடந்ததை வாங்கி, ஓட வைத்து, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தெருவில் நின்றால் இரண்டு வீட்டு வாசலை அடைக்கும். பின்சீட்டு ஒரு கட்டில் அகலம். அதில் என் கணவர் காலை நீட்டிப் படுத்தே வரலாம். கேட்டதும் அவர் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

ஆனால் டயர் நாலும் வெடிப்பு விட்டிருந்தன. மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்வலம் போக அது போதும், கொல்லிமலை ஏற ஆகாது. புது டயர் வாங்கியே ஆக வேண்டும் என்றானதும் அண்ணனுக்குக் காலே தரையில் நிற்கவில்லை. இப்படி ஒரு சாக்குக்காகவே அவர் காத்திருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. இரும்பு வீலையே கழற்றிவிட்டுப் பளபளவென்று அலாய் வீல், அதில் அகலமான டயர் என்று செல்போனில் படம் படமாகக் காட்டினார். அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அந்த வண்டிக்கு வாங்கற பொருளுக்கு என்கிட்ட ரோசனை கேக்காதீங்க,” என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

“இது மல ஏறுமாங்கண்ணா?” என்று மட்டும்தான் நான் கேட்டேன்.

“அகலமா இருந்தா பிடிப்பு கூடத்தான அம்மிணி இருக்கும்?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. நாமக்கல்லில் ஒரு கடையில் மாட்டிக்கொண்டு வந்தார். கார் தோளை விரித்துக்கொண்டு நிற்கும் பயில்வானைப் போல இருந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிச் சூடமும் காட்டியாயிற்று. இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நோயாளியை ஏற்றுவதற்கு முன்னால் வெறும் வண்டியாக ஒருமுறை ஏறிப் பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்து நானும் ஏறிக்கொண்டேன்.

முதல் சில வளைவுகள் பரவாயில்லை. அதற்கு மேல் மலை தன் வேலையைக் காட்டியது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும் இடத்தில் முன்பக்கத்திலிருந்து கர்ரென்று ஒரு சத்தம், பின்னாலேயே ரப்பர் தீய்ந்த வாடை. இறங்கிப் பார்த்தோம். வீல் வெளியே துருத்திக்கொண்டிருந்ததால் மட்கார்டின் விளிம்பு டயரைச் சீவியிருந்தது. தேங்காய்ப் பூப்போல ரப்பர் தூள் ரோட்டில் உதிர்ந்து கிடந்தது. மேலேயிருந்து வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் அண்ணனைத் திட்டினேனா லாரிக்காரரைத் திட்டினேனா என்று நினைவில்லை. உள்ளே என் கணவர் படுத்திருக்கும்போது இந்த டயர் வெடித்திருந்தால் என்னவாகியிருக்கும்!

எப்படியோ திருப்பிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தோம். விஷயத்தைக் கேட்ட என் கணவர் எங்களைக் குறை சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அப்ப ஆம்புலன்ஸையே வரச் சொல்லு,” என்றார். வலியில் கூடக் கத்தாத மனுஷன். அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் என்னிடம் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் டயர்க்கடைக்கு நானே போன் போட்டேன். அண்ணனுக்கு வெட்கம், பேசமாட்டேன் என்றுவிட்டார். சத்தம் வந்ததைச் சொன்னேன். கடைக்காரர் பழைய இரும்பு வீல்கள் எங்கே என்று கேட்டார். மாட்டுக் கொட்டாயில் பருத்திக்கொட்டை மூட்டைக்கு அடியில் கிடக்கின்றன என்றேன்.

“பெண்டு இருக்குதுங்களா?”

“எழுபது இருக்குதுங்க,” என்றேன்.

கடைக்காரருக்குக் கணக்கு இடித்தது.

“ஏனுங்க, வீல் நாலுதானுங்களே? நாலு வீல்ல எழுபது பெண்டு எப்படிங்க?”

எங்களுக்குப் பெண்டு என்றால் கொண்டை ஊசி வளைவுதான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறினால் எழுபது. எத்தனையாவது பெண்டில் வாந்தி எடுத்தோம், எத்தனையாவது பெண்டில் பஸ் நின்றது என்றுதான் நாங்கள் எதையும் பேசுவோம். அவர் கேட்டதோ வீல் நெளிந்திருக்கிறதா என்று. விளங்கியதும் நான் சிரித்த சிரிப்பில் அண்ணி வெளியே ஓடி வந்தார். போனில் கடைக்காரரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது.

“வண்டி மலைக்கா போவுது? கல்யாண வண்டி, டவுனுக்குள்ளதான்னு உங்கண்ணன் சொன்னாருங்களே!”

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காரைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த ஒரு தப்பான பதிலால் காரியம் நேரானது. இரும்பு வீல்களை ஏற்றிக்கொண்டு இந்தத் தடவை நானும் கடைக்குப் போனேன். இரண்டு வீலில் நிஜமாகவே பெண்டு இருந்தது, எடுத்துக் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு மாதிரி டயர் காட்டினார்கள். ஒன்று வெள்ளைப் பட்டை போட்டது, கொஞ்சம் அகலம். மற்றது வெறும் கறுப்பு, ஒல்லி, ஆனால் பக்கவாட்டில் உயரம் அதிகம். உயரம் இருந்தால் குழியில் இறங்கும்போது டயரே அடியைத் தாங்கிக்கொள்ளும் என்றார் கடைக்காரர். எனக்கு என் கணவரின் முழங்கால்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. கறுப்பு என்றேன். அண்ணன் வெள்ளைப் பட்டையைத் தடவிக்கொண்டே, “பொண்ணு மாப்பிள்ள போட்டோவுல எடுப்பா இருக்கும் அம்மிணி,” என்று முனகினார். மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடிக்கச் சொல்லி, மட்கார்டுக்கு உள்ளே நானே கையை விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போனது.

புறப்பட்ட அன்று அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து, காலுக்கடியில் தலையணை அண்டக் கொடுத்தோம். அண்ணன் ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்த நான் சாமி கும்பிடுவதா சத்தத்தைக் கேட்பதா என்று தெரியாமல் சக்கரத்தின் பக்கமே காதை வைத்திருந்தேன். போன தடவை நின்ற வளைவு வந்தது. அண்ணன் ஒடித்தார். ஒரு சத்தமும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பாதி மலை தாண்டியதும் பின்னாலிருந்து பேச்சு வந்தது.

“மொளகு காயப்போட்டத யாராச்சும் கெளறி உட்டாங்களா? நீயும் கீழயே இருந்துட்ட.”

“ஏனுங்க, இத்தன நாளா உங்களப் பாத்துட்டிருந்தது போதாதுங்களா?” என்று எரிந்து விழுந்தேன். அவர் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் பழைய ஆளாகிவிட்டார் என்று அர்த்தம். எழுபதாவது பெண்டின் பலகையைக் கண்டதும் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போல இருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார். டயரைத் தட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு முன்னால் நின்றபோது மரவள்ளிக் காட்டிலிருந்து சனங்கள் ஓடி வந்தார்கள். அவ்வளவு பெரிய கார் எங்கள் ஊருக்கு வந்ததில்லை. முந்தின கல்யாணத்தில் கட்டிய காய்ந்த மாலை ஒன்று முன்பக்கத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா, “ஏனுங்க, யாருக்குங்க கல்யாணம்?” என்று கேட்டார்.

பின்சீட்டில் படுத்தபடியே என் கணவர் தலையைத் தூக்கினார்.

“எனக்குத்தானுங்க. பொண்ணு முன்னால உக்காந்திருக்குது, பாருங்க.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அழுதது நான் ஒருத்திதான்.