பூ கேட்கப் போன வெள்ளிக்கிழமை

நிச்சயமில்லாத நேரத்தில் முடிவெடுப்பது எப்படி என்ற பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

கோயம்புத்தூரில் முதுகலை படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் மூன்று பேர். மணிப்பூர்க்காரி ஒருத்தி, தான்சானியாக்காரன் ஒருவன், நான். ஆறு மாதம் ஜெர்மனியில் ஆய்வு செய்ய மூவருக்கும் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். போனால் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகலாம், தள்ளிப்போகாமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியவில்லை.

அவள் டீ ஆறுவதற்குள் சம்மதம் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் அம்மாவுக்கு போன் செய்தாள். அவன் அண்ணனிடம் மட்டும் பேசிவிட்டு மறுநாள் அனுப்பினான். இவ்வளவு அவசரம் கூடாது என்று இருவரையும் உட்கார வைத்து, பலகையில் கட்டம் போட்டு வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், பாவம்.

எனக்குப் போகக் கொள்ளை ஆசை. அப்பாவிடம் போனில் கேட்டதற்கு, "நீயே ரோசன பண்ணிக்க கண்ணு" என்றார். எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் அதை மறுப்பு என்றே எடுத்துக்கொண்டேன். அப்பாவை மீறுவதென்றால் சாமி துணை வேண்டுமே. வெள்ளிக்கிழமை காலை உடுமலைப்பேட்டை பஸ் ஏறி, எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் பூ கேட்கப் போனேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் வைப்பார்கள். பூசாரி எடுப்பது வெள்ளையாக இருந்தால் போகலாம்.

சிவப்பு வந்தது.

சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்று சொல்லி மறுபடி வைக்கச் சொன்னேன். "ஏனுங்க, சாமிகிட்ட ஒருக்காக் கேட்டாப் பத்தாதுங்களா?" என்றபடி பூசாரி எடுத்தார். வெள்ளை. ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டதால் மூன்றாவது தேவைப்பட்டது. அதற்குள் நடை சாத்திவிட்டார், நாலரைக்குத்தான் திறந்தார். மறுபடி வெள்ளை. கோயிலில் சிக்னல் இல்லை. மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய்ப் பதில் அனுப்பியபோது மணி ஐந்தேகால். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக மிக மரியாதையாகப் பதில் வந்தது.

வீட்டுக்குப் போனேன். கட்டில்மேல் புதிதாக ஒரு பச்சைப் பெட்டி.

"உனக்குத்தான் வாங்குனேன்" என்றார் அப்பா. "போறேன்னு சொல்லுவீன்னு மூணு நாளாப் பாத்துட்டே இருந்தேன். நீ ஒண்ணுஞ் சொல்லுல. உனக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

நடந்ததைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் பெட்டியின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார்.

மணிப்பூர்க்காரியின் பெட்டியில் சக்கரம் உடைந்திருந்தது. பச்சைப் பெட்டியை அவளுக்குக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து, கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டோடு திரும்பி வந்தது. அதைக் கிழிக்க அப்பா இன்றுவரை விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, ஜெர்மனிக்கு யார் போய்வந்தது என்று கேட்பார்கள். அப்பா என்னைப் பார்க்காமல் சொல்வார்:

"பொட்டிங்க."