கறுப்பு பிளேட்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வேறு எந்த ஊரிலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. அங்கே தங்கியதற்குக் காரணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கேம் கடை.

ஞாயிறு முழுக்க அங்கேதான். கார் பந்தய விளையாட்டு, இரண்டாம் பாகம். ஏழு மாதம் ஆடி, முதலிடத்தில் என் பெயரின் மூன்று எழுத்தை ஏற்றினேன். மெஷினில் செருகியிருந்த மெமரி கார்டில் அது பதிந்திருந்தது. வேறு எதிலும் நான் முதலாவதாக வந்ததில்லை.

மூன்றாம் பாகம் வந்தது. கார்டில் இடம் போதவில்லை என்று கடைக்காரர் பழையதை அழித்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“ஏலே, அது பழசு. இனி எவன் அத ஆடப் போறான்? புதுசுல உக்காரு.”

உட்கார்ந்தேன். அதே பாலம், அதே சுரங்கம். பாலம் தாண்டியதும் இடப்பக்கம் சுவர் வரும் என்று என் கட்டைவிரலுக்கே தெரிந்திருந்தது. காருக்கு மட்டும் பெயிண்ட் மாறியிருந்தது.

அச்சகத்தில் நாங்களும் இதைத்தான் செய்தோம். தீபாவளி சீசனுக்கு வெடி லேபிள் அடிக்கும்போது மஞ்சள், சிவப்பு, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் அடிக்கும் பிளேட்டுகள் அப்படியே இருக்கும். எழுத்துள்ள கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் அதே படம் வேறு வெடிக்கு ஆகிவிடும். ஆனால் வெடி ஒரு முறை வெடித்துத் தீர்ந்துவிடுகிறது. நான் ஏழு மாதம் ஓட்டிப் பழகிய சாலையை எனக்கே மறுபடி விற்றார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விளையாட்டைச் செய்த கம்பெனிக்காரன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். கடைக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

சில மாதம் கழித்து அவரே எங்கள் அச்சகத்துக்கு ஆர்டர் கொண்டுவந்தார். நான்காம், ஐந்தாம், ஆறாம் பாகங்களுக்கு சிடி அட்டை. அப்படி எதுவும் எங்கேயும் வந்திருக்கவில்லை. மூன்றாம் பாகத்தையே காப்பி போட்டு, ஒவ்வொன்றாக விடப் போகிறார். படம் ஒன்று, எண் மட்டும் வேறு.

பிளேட் மாற்றும்போது எழுத்து சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க, கெட்டுப்போன தாள்களையே திரும்பத் திரும்ப ஓட்டுவோம். அன்று அந்தத் தாள்களில் ஒரே காரின் மேல் 4, 5, 6 மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. ஒன்றை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான்காம் பாகத்துக்குக் கூட்டம் நின்ற ஞாயிறன்று அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

நாரணாபுரத்திலிருந்து வரும் வெடித் தொழிலாளி ஒருவர் உற்றுப் பார்த்தார். “அண்ணாச்சி, ஆறு வரைக்கும் பெத்துட்டீகளா? பேறுகாலம் எங்கன நடந்துச்சு?”

கடையே சிரித்தது. கடைக்காரர் தாளைக் கிழித்தார். “கம்பெனிக்காரன் செய்யாததையா நான் செஞ்சிட்டேன்? அவன் வித்தா மட்டும் வரிசையில நிக்கீக.”

அது உண்மைதான். அதற்காக அவரை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அவர் என் அச்சக முதலாளியிடம் சொன்னதில் மறுநாளே என் வேலை போனது. காரியாபட்டியில் ஒரு கமிஷன் கடையில் மூட்டை தூக்கினேன். இரண்டு மாதம் கழித்து அச்சகக் கூட்டாளி ஒருவன் வந்து சொன்னான்: நான்காம் பாகத்தை யாரும் தொடுவதில்லை, எல்லோரும் இரண்டாம் பாகத்தையே கேட்டதால் அவர் அதைத் திரும்பப் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறினேன். கடை திறந்ததிலிருந்து மதியம் வரை எழுந்திருக்கவில்லை. முதலிடத்தில் மறுபடி என் மூன்று எழுத்து ஏறியது. அவர் வந்து பார்க்கும்வரை திரையை அப்படியே விட்டுவைத்தேன்.

“ஏறிட்டேல்ல? இப்ப திருப்தியாலே?”

“இல்ல அண்ணாச்சி.”

மெமரி கார்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். மற்றவர்கள் ஆடி ஏற்றியதும் அதில்தான் இருந்தது. அன்று அது தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் எடுத்திருப்பேன்.

அந்த விளையாட்டுக்கு இன்னும் எத்தனையோ பாகங்கள் வந்துவிட்டன என்கிறார்கள். இந்தக் கார்டு இப்போது எந்த மெஷினிலும் பொருந்தாது. ஆனாலும் இதில் நான்தான் முதல். அழிக்க வேண்டுமானால் என்னிடம் வந்து கேட்கட்டும்.