ஹாலுக்குள் வைத்த மாடிப்படி

அப்பா துபாயில் டிரைவர். அங்கே முதலாளி வீட்டில் மாடிப்படி ஹாலுக்குள் இருந்ததாம். அதைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கு மேலே, வாடகைக்கு விட ஒரு அறையும் அடுக்களையும் குளிமுறியும் கட்டினபோது படியை எங்கள் ஹாலுக்குள்ளே வைத்தார். கொத்தனார் வெளியே வைக்கச் சொன்னார். அப்பா கேட்கவில்லை. மழையில் நனையாமல் ஏறலாம் என்றார்.

திருவனந்தபுரத்தில் வாடகைக்கு ஆளா கிடைக்காது என்றார்கள். ஆள் வந்தது. டவுன் நடுவில் இருக்கிற கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம்தான். மேலே ஏறிப் பார்ப்பார்கள். காற்று பிடிக்கும். தண்ணீர் பிடிக்கும். இறங்கி வந்தால் ஹாலில் அம்மா துணி மடித்துக்கொண்டிருப்பாள். தம்பி பாயில் உருண்டுகொண்டிருப்பான்.

"வழி இது மட்டும்தானா?"

"இது மட்டும்தான்."

போய்விடுவார்கள்.

சித்தப்பா தினமும் வந்து கேலி செய்தார். "அண்ணாச்சி, படியை வெளியே தள்ளி வை. இல்லேன்னா வீட்டை வெளியே தள்ளி வை."

"சிமெண்டு நீ வாங்கித் தருவியாலே?" என்றார் அப்பா. சித்தப்பா சாயா குடித்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு ரெண்டு மாசம் லீவு. அம்மாவிடம் சொன்னார். "லீவு முடியறதுக்குள்ள மேலே ஆள் வந்தா நான் போகல்ல. அந்த வாடகையை வச்சிட்டு இங்கேயே ஆட்டோ ஓட்டுவேன். வரல்லேன்னா பிளேன்தான்."

நானும் கேட்டேன். பெரிதாகத் தோன்றவில்லை. அப்பா என்றால் போகிறவர். ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் பெட்டியோடு வருவார். எனக்கு வேறே கவலை. மேலே சும்மா கிடந்த அறையில் நான் பாய் போட்டிருந்தேன். ஒன்பது வயசு. சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு அப்போதுதான் கிடைத்தது. விட மனசில்லை.

அதனால் வந்தவர்களிடம் நானும் கொஞ்சம் பேசினேன். பொய் சொல்லவில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களிடம், "அப்பா படிக்குக் கீழேதான் படுப்பார். குறட்டை மேலே வரை கேட்கும்" என்றேன். பரீட்சைக்குப் படிக்க வந்த பையனிடம், "பத்து மணிக்கு அம்மா வாசலைப் பூட்டிடுவா" என்றேன். ரெண்டு பேரும் திரும்பி வரவில்லை.

புரோக்கர் அப்பாவிடம் சொன்னார். "அண்ணா, வீட்டைப் பூட்டண்டாம். இந்தக் கொச்சுப் பிள்ளை வாயைப் பூட்டணும், கேட்டோ."

லீவு முடிய நாலு நாள் இருந்தது. அப்பா பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டார். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்கு ஒரு நர்ஸ் வந்தாள். தனியாக வந்தாள். மேலே போனாள், இறங்கினாள், படியைப் பார்த்தபடி நின்றாள்.

அப்பாவே முந்திக்கொண்டார். "வழி இது மட்டும்தான் மோளே."

"எனக்கு இதுதான் சேட்டா வேணும்" என்றாள். மலையாளமும் தமிழுமாகப் பேசினாள். "இப்போ இருக்கற இடத்தில படி வெளியே. டியூட்டி முடிஞ்சு வந்து தனியா ஏறவே பயம். இங்கே உங்க எல்லாரையும் தாண்டாம யாரும் மேலே வர முடியாதே."

நான் அவசரமாகக் குறட்டையைச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. கீழே ஆளிருக்குன்னு தெரியும்."

பத்து மணிப் பூட்டைச் சொன்னேன். அடுக்களையிலிருந்து அம்மா கத்தினாள். "நீ எப்ப வந்தாலும் நான் திறந்து தாறேன் மோளே!"



அப்பா அப்போதே மேலே போய் என் பாயைச் சுருட்டிக் கீழே கொண்டுவந்தார். பெட்டியைப் பரணில் ஏற்றினார். விசில் அடித்தார். என் அறையைக் கொடுத்துவிட்டு விசில் வேறேயா என்று எனக்கு ஆத்திரம்.

அடுத்த வாரம் பழைய ஆட்டோ ஒன்று வந்தது. அதில் ஏறமாட்டேன் என்றேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். ஆட்டோ பின்னாலேயே உருண்டு வந்தது.

"ஏறு மக்களே. மழை வருது" என்று என்னைக் கூப்பிட்டார் அப்பா.

ஏறவில்லை. நனைந்தேன். அந்த வாரம் முழுக்க அப்பாவிடம் பேசவில்லை.

லீவுக்கு வருகிற அப்பாவிடம் நான் ஒருநாளும் பிணங்கினதில்லை. போகிற நாள் தெரிந்திருக்கும். இந்தத் தடவைதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் எங்கேயும் போகமாட்டார் என்ற தைரியத்தில்தான் நடந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.