கதவுப் பக்கம் சாய்ந்த விறாந்தை

காரைதீவுச் சந்திச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வடக்கே திரும்பி நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையை விட்டு வந்துகொண்டிருந்தேன். அங்கே உமி அள்ளுவது என் வேலை. யாரோடும் சண்டையில்லை. உமித்தூசி நெஞ்சுக்குள் போய் இருமல் நிற்கவில்லை. சாரத்தையும் சட்டையையும் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான், யாரிடமும் சொல்லாமல். சண்டை நடந்த தொண்ணூறுகளில் அந்தக் கிழக்குக் கரையில் ஒருவன் திடீரென்று காணாமல் போனால் வேறு காரணம் நினைப்பார்கள். அதனால் இந்த முறை ஆலைக் காவலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சாய்ந்தமருதுக்குள் வந்தபோது மழை கண்ணை மறைத்தது. வேலிப் படலை திறந்து கிடந்த ஒரு வீட்டு முற்றத்துக்குள் ஓடி, கதவோரமாகக் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். காலடியில் கொங்கிறீட்டு விறாந்தை. அதற்கு முன்னால் இரண்டு படிகள். நின்ற பிறகுதான் கவனித்தேன்: விறாந்தை ரோட்டுப் பக்கம் சரியாமல் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. சுவரோரம் நன்றாகத் தாழ்ந்துவிட்டதால், அதில் விழுந்த மழையெல்லாம் கூடிவந்து கதவுக்கு அடியால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ஆரது வாசலில?" கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்.

"மழைக்கு ஒதுங்கின ஆள். இந்தா போறன்."

"அங்க நிக்க ஒண்ணா. இத்தா இருக்கிற வீடு."

கணவன் மௌத்தாகி விதவையான பெண், நாலு மாதம் பத்து நாள் கணக்கு முடியும்வரை வெளியாண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பது இத்தா. நான் வெட்கப்பட்டுப் படியில் இறங்கினேன். ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போக மனம் வரவில்லை. மூலையில் கிடந்த சாக்கை முறுக்கிக் கதவடியில் வைத்து அழுத்தினேன்.

"இன்னும் போகல்லயா?"

"தண்ணி உள்ளுக்கு வருகுது. சாக்கொண்டு வெச்சிருக்கன்."

"சாக்கால எத்தின நாளைக்கு மறிக்கிற? போன மழைக்கு என்ட பாய் ஊறிப் போச்சு. மத்தவள் எண்டா அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். நான் எங்க ஓடுற?" பிறகு, "மேசன் வேல தெரியுமா?"

"கல்லு மண் சுமந்திருக்கன். கொங்கிறீட்டு ஊத்துற இடத்துல நிண்டிருக்கன். மேசன் இல்ல."

"மேசன் இல்லெண்டு சொல்ற மனிசன இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். விடிய வாங்க. என்ட மச்சான் வருவார். விறாந்தைய உடைக்க ஒண்ணா, தூக்கு எண்டு சொல்லுவார். நீங்க சம்மட்டியோட வாங்க."

பள்ளிவாசல் விறாந்தையில் படுத்தேன். விடியற்காலை சுபஹ் தொழுகைக்குப் பிறகு ஒரு மேசனிடம் சம்மட்டி இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மச்சான் எனக்கு முன்பே வந்துவிட்டார். மௌத்தானவருடைய மூத்த சகோதரர். உழவு மெசின் என்கிற டிராக்டர் ஓட்டுகிறவர். மெசினின் பெட்டியில் பாரம் தூக்குகிற ஒரு பெரிய ஜக்கும் பலகைகளும் கொண்டுவந்திருந்தார். என் தோளில் இருந்த சம்மட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அத வேலியோரம் போடு மனே. இத உடைக்க உட மாட்டன். ஜக்கால தூக்குவம், அடியில மண்ணத் தள்ளுவம். விளங்கிச்சா?"

உள்ளேயிருந்து, "என்ட தலைமாட்டுல தண்ணி நிக்குது மச்சான். அதையும் ஜக்கால தூக்குவீங்களா?"

அவர் கதவைப் பார்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். அவரும் அவளுக்கு முன்னால் வரக்கூடாத ஆள்தான்.

"நீ சொல்லு மனே. இந்த வீடு அவள்ட வாப்பா சீதனமாக் கட்டிக் குடுத்தது. ஓடு, சுவர், கிணறு எல்லாம் அவள்ட. என்ட தம்பி இதுக்குள்ள வந்து இருந்தான், போய்ச் சேர்ந்தான். அவன்ட கையால செஞ்சது எண்டு இந்தத் துண்டு விறாந்தைதான் கிடக்கு. அத உடைச்சு ரோட்டுல போட்டா மறுகா என்ன மிச்சம்?"

நான் சம்மட்டியை வேலியோரம் சாத்தினேன்.

இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேருகிறவன். நான் திரும்பத் திரும்ப இடம் மாறிய வாலிபத்தில் அதை ஒரு வசதியாகத்தான் நினைத்திருந்தேன். கட்டுவதற்கு ஒன்றுமில்லை, விட்டுப்போவதற்கும் ஒன்றுமில்லை. ஒரு மனிதன் இத்தனை வருடம் வாழ்ந்த இடத்தில் நாலடி கொங்கிறீட்டுக்காக அவன் அண்ணன் கெஞ்சுவான் என்று நான் யோசித்ததில்லை. ஆனால் தண்ணீர் போய் நின்றது அண்ணன் பாயில் இல்லை.

கூலிக்காரன் சொன்னதைச் செய்ய வேண்டும். சுவரோரம் தாழ்ந்த மூலையில் தோண்டி, பலகை வைத்து, அதன் மேல் ஜக்கை நிறுத்திச் சுழற்றினேன். கொங்கிறீட்டு அசையவில்லை. ஜக்குத்தான் மெல்லக் கீழே போனது.

"இன்னும் ரெண்டு பலகை வை," என்றார்.

வைத்தேன். அதுவும் போனது. எங்கேயோ அடித்தளத்தில் சேறு இருக்கும் என்று நினைத்து, அலவாங்கு என்கிற கடப்பாரையால் பக்கவாட்டில் குத்தினேன். அலவாங்கு தடையில்லாமல் நான் பிடித்திருந்த இடம் வரைக்கும் இறங்கியது. கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். கறுத்து, பிசுபிசுத்து, சூடு தணிந்த மாட்டுச் சாணம் மாதிரி. முகர்ந்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. நான் விட்டுவந்த சரக்கு எனக்கு முன்பே இங்கே வந்து கிடக்கிறது.

"காக்கா," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டேன். "இது உமி. அடியெல்லாம் உமி உக்கிப் போய்க் கிடக்கு."

மச்சான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"உமிதான்," என்றது உள்ளே இருந்த குரல். "ஏத்திக்கொண்டு வந்து பறிச்சுக் கொட்டினது ஆரெண்டு அவரிட்டக் கேளுங்க தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மச்சானுக்குக் கோபம் வரவில்லை. முதல் தடவையாகக் கதவைப் பார்த்துப் பேசினார்.

"நான்தான் புள்ள. இல்லெண்டு சொல்லல்ல. தம்பி ஆத்து மண்தான் கேட்டான். அந்தச் சண்டை வருசம் ஆத்துப் பக்கம் போன மெசின் எத்தின திரும்பி வந்திச்சி? ஆலையில உமி சும்மா குமிஞ்சு கிடந்திச்சி. நிரப்புறதுக்கு எதுவெண்டா என்ன எண்டு நினைச்சன்."

அடுத்து அவள் பேசினபோது குரலில் கேலி இல்லை.

"தெரியும் மச்சான். நீங்க ஆத்துக்குப் போகாம இருந்தது நல்லதெண்டு அவரும் சொன்னார்." பிறகு என்னிடம், "தம்பி, உண்மையச் சொல்லுங்க. தூக்கினா நிக்குமா?"

"நான் மேசன் இல்ல ராத்தா. ஆனா உமிக்கு மேல எத வெச்சாலும் திரும்ப இறங்கும். முழு உமியையும் அள்ளோணும். அள்ளுறதெண்டா மேல கிடக்கிறத உடைக்கத்தான் வேணும்."

"கேட்டீங்களா மச்சான்?"

அவர் குழிக்குள்ளிருந்து ஜக்கை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

"உடையுங்க," என்றாள். "ஆனா ஒரு துண்டும் ரோட்டுக்குப் போக ஒண்ணா. உமிய வெளிய எடுத்துப்போட்டு, உடைச்ச கட்டிய அந்தக் குழிக்குள்ள அடுக்குங்க. அதுக்கு மேல மண். மண்ணுக்கு மேல புதுசா ஊத்துங்க. அவர் போட்டது அவர் போட்ட இடத்துலயே கிடக்கட்டும். தண்ணி மட்டும் ரோட்டுப் பக்கம் ஓடட்டும்."

மச்சான் தொப்பியைப் போட்டுக்கொண்டு மெசினில் ஏறினார். "ஆத்து மண் கொண்டாறன்," என்றார்.

"இந்த முறை ஏத்த முதல் கையால அள்ளிப் பாருங்க!" கதவுக்குள் அவளோடு துணைக்கு இருந்த தங்கச்சியும் சிரித்தது கேட்டது. மச்சான் மெசின் சத்தத்தில் கேட்காத மாதிரிப் போனார்.

நான் சம்மட்டியை எடுத்தேன். முதல் அடியிலேயே நான் தோண்டிய குழிக்கு மேலே இருந்த பகுதி டொக்கென்று உள்ளே விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, நான் நிறுத்தினேன். "அடியுங்க தம்பி, அடியுங்க," என்ற பிறகுதான் அடுத்தது அடித்தேன். மத்தியானம் வரைக்கும் உமியை அள்ளி வளவு மூலையில் தென்னைக்குக் குவித்தேன். குழி இடுப்பளவு இருந்தது. அடியை இடித்து இறுக்கிவிட்டுக் கட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினேன். புதுச் சரக்கு பிடிக்க வேண்டும் என்று சொரசொரப்பான பக்கத்தை மேலே பார்க்க வைப்பது வழக்கம். பழக்கத்தில் அப்படியே வைத்துக்கொண்டு போனேன்.

மச்சான் மண்ணோடு திரும்பி வந்தார். கையால் ஒரு பிடி அள்ளி எனக்குக் காட்டினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, நான் வைத்த கட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவருடைய தம்பி கொத்துக்கரண்டியால் மினுக்கிய பக்கம் மேலே வந்தது. எப்படி வைத்தாலும் இடையில் மண் வரத்தான் போகிறது. மிச்சத்தை நானும் அப்படியே அடுக்கினேன். அவர் வாளியில் மண் தந்தார். நான் கொட்டித் தண்ணீர் ஊற்றி இடித்தேன்.