பனி படியாத கையுறை

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கு அதில் நஷ்டமில்லை. யாரையும் பயமுறுத்த நான் கதை கட்டவில்லை. போன ஜனவரியில், டுலூத் நகருக்கு வடக்கே ஏரியை ஒட்டிப் போகும் பழைய ரயில் பாதையில், என் இரண்டு கண்ணாலும் பார்த்ததைத்தான் சொல்கிறேன். தண்டவாளத்தைப் பெயர்த்து வருஷக்கணக்காகிறது. இப்போது அது ஓடுகிறவர்களும் நாயோடு நடக்கிறவர்களும் போகும் பாதை. அன்று என்னோடு வந்தவன் என் தம்பி ஆர்வித். அவனைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள இப்போது வழியில்லை.

என் பெயர் மாரிட். ஓடுகிறவர்களுக்கு ஷூவும் துணிமணியும் விற்கும் கடையில் ரொம்ப வருஷமாக வேலை. பனிக்காலத்தில் ஓட என்ன உடுத்துவது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், என் வாய் ஓயாது. உடம்போடு ஒட்டி வேர்வையை வெளியே தள்ளும் மெல்லிய பனியன். அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை. அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். பருத்தியைத் தொடவே கூடாது, வேர்வையைக் குடித்துவிட்டு உடம்பிலேயே உறைந்துபோகும். இத்தனைக்கும் மேலே ஒரு விதி. வாசலில் நிற்கும்போது நடுங்க வேண்டும். நடுங்கவில்லை என்றால் அதிகமாக உடுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். பத்து நிமிஷம் ஓடினால் உடம்பே அடுப்பாகிவிடும். இங்கே எல்லோரும் அப்படித்தான் ஓடுகிறோம்.

ஆர்வித் ஒன்பது வருஷம் அரிசோனா வெயிலில் கிடந்தவன். மனைவி விட்டுப்போனதும் ஒரே ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். அம்மா போன பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். வந்த நாளிலிருந்து சோபாவே கதி என்று கிடந்தான். "இந்தக் குளிரத் தாண்டிட்டேன்னா இங்கயே இருந்துடறேன்க்கா. முடியலன்னா பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்" என்றான். கிளம்பினால் எங்கே போவான், யார் சோறு போடுவார்கள்? அவனை எப்படியாவது தங்கவைத்துவிட வேண்டும் என்று தவித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து ஓட்டம்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி. வெளியே மைனஸ் இருபத்தாறு. ஜனவரியில் எங்கள் ஊரில் ஏழே முக்கால் வரை இருட்டுதான். அவனுக்கு வேண்டிய துணியை எல்லாம் நானே எடுத்துக் கட்டில் மேல் பரப்பியிருந்தேன்.

"அக்கா, இதெல்லாம் ஒரு சட்டையா? வெங்காயத் தோலாட்டம் இருக்கு."

"வாயாடாம போட்டுக்கடா."

"அந்தப் பெரிய கோட்டு?"

"அது பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்கு. உனக்கில்ல."

"செத்துடுவேன்க்கா."

"பத்து நிமிஷம் பொறு. புழுங்குதுன்னு நீயே கத்துவ."

கைக்கு என் பழைய சாம்பல் நிறக் கையுறைகளைக் கொடுத்தேன். இடது மணிக்கட்டில் ஒரு கிழிசல் இருந்தது. சாம்பல் நூல் கிடைக்காமல் சிவப்பு நூலால் தைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "கடைக்காரி வீட்டுல கிழிஞ்ச கையுறையா?" என்று நக்கலடித்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான்.

பாதைக்கு வந்தபோது ஆறு இருபது. அந்தக் குளிரில் பனியை மிதித்தால் அது கத்தும். கிறீச்... கிறீச்... தலையில் மாட்டிய விளக்குகளின் வெளிச்சம் முன்னால் ஆடிக்கொண்டே போனது. முந்தின மாலை புதுப் பனி பெய்திருந்தது. எங்களுக்கு முன்னால் பாதையில் ஒரு காலடிகூட இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதையில் கையுறையோ குல்லாவோ விழுந்து கிடந்தால் யாரும் எடுத்துப் போக மாட்டோம். பக்கத்து வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவோம். தொலைத்தவர் திரும்பி வந்தால் கண்ணில் பட வேண்டும் அல்லவா? பனி உருகும்வரை அங்கேயே தொங்குபவையும் உண்டு.

முதல் வளைவு தாண்டியதும் ஒரு கம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தெரிந்தது. கையால் பின்னிய கம்பளிக் கையுறை. நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே பை, கட்டைவிரலுக்கு மட்டும் தனியறை வைத்த மாதிரி. ஒன்றல்ல, ஜோடி. எனக்கு அப்போதே இடித்தது. தொலைவது எப்போதும் ஒற்றைதான். ஜோடியாக யார் தொலைப்பார்கள்? கம்பத்தின் மேல் பனி, கம்பி மேல் பனி, பக்கத்துப் புல் மேல் பனி. அந்தக் கையுறை மேல் மட்டும் ஒரு துளி பனி இல்லை.

"அக்கா, என் கைல விரலே இல்லாத மாதிரி மரத்துப்போச்சு. இத மாட்டிக்கறேன்."

"வைடா அங்க. யாரோடதோ."

"திரும்பி வரும்போது தொங்க விட்டுடலாம். இந்தா, அதுவரைக்கும் என்னுது அடமானம்."

சாம்பல் கையுறைகளைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினான். ஆரஞ்சை இரண்டு கையிலும் போட்டுக்கொண்டான். அப்படியே நின்றுவிட்டான்.

"சூடா இருக்குக்கா... இப்பதான் யாரோ கழட்டின மாதிரி."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கொஞ்ச தூரம் போனதும், "புழுங்குதுக்கா" என்றான்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? "சொன்னேனா இல்லையா!" என்று முதுகில் ஒன்று வைத்தேன். எந்த ஓட்டக்காரரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். புழுங்குகிறது என்றால் உடம்பு சூடேறிவிட்டது, உடுத்தியது சரி, கவலையில்லை. பதினைந்து வருஷமாக நான் காசு வாங்கிக்கொண்டு சொன்ன பாடம் அது.

"நல்லா இருக்குக்கா. நான் எங்கயும் போகல. இங்கயே இருந்துடறேன்."

அழுதுவிட்டேன். கண்ணீர் இமையிலேயே உறைந்தது. துடைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். என் விளக்கு அவன் முகத்தில் விழுந்தது.

என் மஃப்ளர் என் மூச்சுக் காற்று பட்டு உறைந்து வெள்ளையாகியிருந்தது. என் புருவம், தலைமுடி எல்லாம் வெள்ளை. அவன் தாடியில் ஒரு பொட்டு பனி இல்லை. என் வாயிலிருந்து மூச்சு புகை புகையாக வந்தது. அவன் வாயிலிருந்து எதுவுமே வரவில்லை.

"ஆர்வித், நில்லு."

"ஏன்?"

"மூச்சு விடு. என் முன்னாடி விடு."

சிரித்தான். சிரித்தபோதும் புகை இல்லை.

"எரியுதுக்கா" என்றான். ஓட ஆரம்பித்தான்.

அந்த மாதிரி ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. மூன்று மாதம் சோபாவில் கிடந்தவன். நானோ வாரத்துக்கு ஐந்து நாள் ஓடுகிறவள். என்னால் நெருங்க முடியவில்லை. அவன் விளக்கு சின்னதாகிக்கொண்டே போனது. கிறீச்... கிறீச்... அவன் கால் சத்தம். அதை ஒட்டியே இன்னொரு கால். கிறீச். கிறீச். என்னுடையது அல்ல. நான் நின்றுவிட்டேன். அது நிற்கவில்லை.

"ஆர்வித்!"

மறுபடி ஓடினேன்.

அடுத்த கம்பத்தில் அவன் குல்லா.

அதற்கடுத்த கம்பத்தில் ஜாக்கெட். தோள்பட்டை சரியாக, கோணாமல் மாட்டியிருந்தது. கழுத்துவரை ஜிப் போட்டு மூடியிருந்தது. ஓடுகிறவன் எப்போது நின்றான்? கழற்றிய ஜாக்கெட்டுக்கு எதற்கு ஜிப்? தொட்டேன். சூடாக இருந்தது.

பிறகு கம்பளிச் சட்டை.

பிறகு வெங்காயத் தோல் பனியன்.

பிறகு... அவன் விளக்கு. கம்பத்தில் கட்டியிருந்தது. என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

அதன் கீழே அவன்.

கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. மணி ஆறு ஐம்பத்தெட்டு. கையைப் பிடித்தேன். மரக்கட்டை. வெறுங்கை. ஆரஞ்சுக் கையுறை இல்லை.

சுற்றிலும் விளக்கை அடித்தேன். பனியில் அவன் காலடி. என் காலடி. வேறு எதுவும் இல்லை.

என் ஜாக்கெட்டை அவன் மேல் போர்த்தினேன். என் குல்லாவை அவன் தலையில் வைத்து அழுத்தினேன். உள்ளங்கையைத் தேய்த்தேன், வாயால் ஊதினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது நானும் பாதி உறைந்திருந்தேனாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். உறைந்து சாகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு பற்றி எரிகிற மாதிரி இருக்குமாம். துணியை எல்லாம் கழற்றிப் போட்டுவிடுவார்களாம். இங்கே அது புதிதில்லை என்றார்.

"ஆனா அதுக்கு மணிக்கணக்காகும். நீங்க எவ்வளவு நேரம் வெளிய இருந்தீங்க?"

"நாற்பது நிமிஷம்கூட இல்ல டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வுக்கோவிச் வந்தார். எங்கள் பக்கத்துப் போலீஸ்காரர், ஓய்வு பெறும் வயசு. சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"அந்தக் கையுறை என்ன கலர்னு சொன்னீங்க?"

"ஆரஞ்சு."

"ஜோடியா?"

"ஆமா."

குறிப்பேட்டை மூடினார்.

"ஐரீன் பெல்ட்டோன்னு ஒரு அம்மா. நீங்க இந்தப் பக்கம் குடி வர்றதுக்கு முன்னாடி. அதே பாதைல காலைல ஓடப் போய் உறைஞ்சு கிடந்தாங்க. துணியெல்லாம் கம்பம் கம்பமா தொங்கிச்சு. நான்தான் ஒண்ணொண்ணா எடுத்தேன். கையுறை மட்டும் கிடைக்கல. அவங்களே பின்னினதுன்னு வீட்டுக்காரர் சொன்னாரு. ஆரஞ்சு."

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார்.

"உங்க தம்பி மாட்டினாருன்னு சொன்னீங்களே சாம்பல் கையுறை... அந்தக் கம்பத்துல எதுவும் இல்லம்மா."

அதற்குப் பிறகு நான் ஓடுவதை விட்டுவிட்டேன். கடைக்கு மட்டும் போகிறேன். வயிறு இருக்கிறதே. யார் வந்து கேட்டாலும் தடித்த கோட்டைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பாதைக்குப் போகாதீர்கள் என்றும் சொல்கிறேன். தம்பியைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் பேசுவாள் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். யாரும் கேட்பதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் நேற்று நடந்தது.

எங்கள் ஓட்டக் குழு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடி முடித்து ஒரு காபிக் கடையில் கூடும். ஓடாவிட்டாலும் நான் போய் உட்காருவேன், வீட்டில் தனியாக என்ன செய்வது? நேற்று எல்லோரும் வந்தபிறகு டெஸ்ஸா வந்தாள். இந்த வருஷம் சேர்ந்த பெண். நர்ஸ் படிப்பு. தனியாக ஓடிவிட்டு வந்திருந்தாள்.

"இது யாரோடது? ரயில் பாதைல கம்பத்துல தொங்கிச்சு. என் கை விறைச்சுப் போச்சு, அதான் என்னோடத அங்க மாட்டிட்டு இதப் போட்டுக்கிட்டு வந்தேன். என்னா சூடு தெரியுமா!"

இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினாள். சாம்பல் நிறம். இடது மணிக்கட்டில் சிவப்பு நூல்.

"கழட்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "டெஸ்ஸா, கழட்டுடி!"

"ஏன்க்கா இப்படிக் கத்துறீங்க?" என்று சிரித்தாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இரண்டையும் உருவினேன். சுலபமாக வந்துவிட்டன. அதற்குள் அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இங்க ஹீட்டர ரொம்ப வெச்சிருக்காங்களா? புழுங்குது."

ஜாக்கெட்டைக் கழற்றினாள். அதை நாற்காலியின் முதுகில் கோணாமல் மாட்டினாள். பிறகு குனிந்து, ஜிப்பைக் கழுத்துவரை மேலே இழுத்து மூடினாள்.